மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளந்த பிறகும் ஒரே பல்புக்கு நான்கு மின்தடைகள் வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, அவற்றிலிருந்து மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். சூத்திரங்கள் எனக்குத் தெரியும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். ஆனாலும் கிடைத்த எண்களை என்னால் ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை.

முதலில் 10 ஓம் என்று குறிக்கப்பட்ட கம்பிச்சுருள் மின்தடையம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். 3 வோல்ட்டில் 0.30 ஆம்பியர், 6 வோல்ட்டில் 0.60 ஆம்பியர், 9 வோல்ட்டில் 0.90 ஆம்பியர் ஓடியது. மூன்று முறையும் மின்தடை 10 ஓம் என்றே வந்தது. மின்திறன் 0.9, 3.6, 8.1 வாட் என்று உயர்ந்தது. இதுவரை குழப்பம் இல்லை.

அடுத்து, வாகனங்களின் திரும்பும் விளக்கில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் இழை பல்பை அதே இடத்தில் இணைத்தேன். 3 வோல்ட்டில் 0.82 ஆம்பியர், 6 வோல்ட்டில் 1.20 ஆம்பியர், 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் ஓடியது. கணக்கிட்டால் மின்தடை முறையே 3.66 ஓம், 5.0 ஓம், 6.86 ஓம் என்று வருகிறது. பல்பைக் கழற்றி, ஆறவைத்து, மல்ட்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் 0.8 ஓம் காட்டுகிறது. அந்த 0.8 ஓமை வைத்து 12 வோல்ட்டுக்கு மின்திறனைக் கணக்கிட்டால் 180 வாட் வருகிறது. பல்பின் மீதோ 21 வாட் என்று எழுதியிருக்கிறது. இந்த நான்கில் எது பல்பின் உண்மையான மின்தடை? இந்தப் பல்பில் ஓம் விதி பொய்த்துப்போகிறதா?

இதோடு சேர்ந்த இன்னொரு ஐயமும் உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் மின்திறன் என்கிறார்கள்; அப்படியானால் மின்தடை கூடக்கூட மின்திறனும் கூட வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் மின்திறன்தான் என்கிறார்கள். அப்படியானால் மின்தடை கூடக்கூட மின்திறன் குறைய வேண்டும். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்?

முதல் பதில்

உங்கள் அளவீடுகளில் பெரிய தவறு எதுவும் இல்லை. நான்கு மின்தடைகளும் உண்மையானவையே. அவை நான்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் இருந்த ஒரே இழையின் மின்தடைகள் என்பதுதான் விடுபட்டுப்போன செய்தி.

நம்மில் பலர் ஒன்றாகவே படித்துவிடுகிற இரண்டு கூற்றுகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவது மின்தடை என்பது ஒரு வரையறை. அது எந்தப் பொருளுக்கும், எந்த நிலையிலும் பொருந்தும், பொய்க்கவே முடியாது. அந்த வகுத்தலின் விடை மின்னழுத்தம் மாறினாலும் மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி. அது எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துவதில்லை, பொருந்தும் பொருள்களிலும் வெப்பநிலை மாறாதவரைதான் பொருந்தும். 1827-இல் கியோர்க் சைமன் ஓம் தம் முடிவுகளை நூலாக வெளியிடுவதற்கு முன் செய்த சோதனைகளில், அக்காலத்து மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால், ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் வைக்கப்பட்ட வெப்ப மின்னிரட்டையை (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் இரு உலோக இணைப்பை) மின்மூலமாகப் பயன்படுத்தினார். அந்த விதி அத்தனை கட்டுப்பாட்டோடு கண்டறியப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், வெண்சூடாக ஒளிரும் இழையில் அது அப்படியே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டோம்.

உங்கள் கம்பிச்சுருள் மின்தடையம் ஏன் ஒழுங்காக நடந்துகொண்டது? அத்தகைய மின்தடையங்களை நிக்ரோம், கான்ஸ்டன்டன் போன்ற உலோகக் கலவைகளில்தான் சுற்றுவார்கள். அவற்றின் மின்தடை வெப்பநிலை ஏறும்போது மிகச் சிறிதளவே மாறும். பல்பின் இழை டங்ஸ்டன். அறை வெப்பநிலையை ஒட்டி அதன் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.45 விழுக்காடு கூடுகிறது. பத்துப் பாகைக்கு இது பெரிதாகத் தெரியாது. இரண்டாயிரம் பாகைக்கு மேல் ஏறும்போதுதான் நீங்கள் கண்டதுபோல் பன்மடங்காகிறது.

உங்கள் எண்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 3 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மின்னழுத்தம் நான்கு மடங்கானது. மின்தடை மாறாமல் இருந்திருந்தால் மின்திறன் பதினாறு மடங்காகியிருக்க வேண்டும். ஆனால் 2.46 வாட்டிலிருந்து 21 வாட்டுக்கு, அதாவது எட்டரை மடங்குதான் உயர்ந்திருக்கிறது. சூடேறிய இழை தன் மின்தடையைக் கூட்டிக்கொண்டு, கூடுதல் மின்னோட்டத்தைத் தானே தடுத்துக்கொண்டது.

180 வாட் எப்படி வந்தது என்பதற்கும் இதுவே விடை. குளிர்ந்த இழையின் மின்தடையையும், சூடான இழையின் மீது இருக்கும் 12 வோல்ட்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். அந்த இரண்டு எண்களும் அந்த இழையில் ஒருசேர நிலவுவது, சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் மட்டுமே.

மல்ட்டிமீட்டர் காட்டிய 0.8 ஓம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் இரண்டு முனைக்கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், சுழியம் வராது. சில பத்தில் ஒரு பங்கு ஓம் காட்டும். அது கம்பிகளின் சொந்த மின்தடை. பெரிய மின்தடையை அளக்கும்போது இதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு ஓமுக்கும் குறைவானதை அளக்கும்போது கழித்தே ஆக வேண்டும்.

இரண்டாம் பதில்

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். நெடுநாள் வேலை செய்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மின்திறன் என்பது அடிப்படையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருகி வருவது. ஒரு பொருளின் இரு முனைகளுக்கு இடையே இருக்கும் மின்னழுத்த வேறுபாட்டையும் அதே பொருளின் வழியாக ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்குகிறோம், அவ்வளவுதான். மற்ற இரண்டு சூத்திரங்களும், நமக்குத் தெரியாத ஒன்றை மின்தடையைக் கொண்டு நீக்கி எழுதியவை. எனவே அவை முரண்படுவதற்கு வழியே இல்லை. "மின்தடை கூடினால்" என்று தொடங்கும்போது, வேறு எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 10 ஓம், 5 ஓம் ஆகிய இரண்டு மின்தடையங்களை 12 வோல்ட் மூலத்தோடு பக்க இணைப்பில் இணையுங்கள். இரண்டின் மீதும் அதே 12 வோல்ட் இருக்கும். 10 ஓமில் 14.4 வாட், 5 ஓமில் 28.8 வாட், குறைந்த மின்தடைதான் அதிகம் சூடேறுகிறது. அதே இரண்டையும் தொடரிணைப்பில் இணையுங்கள். மொத்தம் 15 ஓம், மின்னோட்டம் 0.8 ஆம்பியர், அது இரண்டிலும் ஒன்றே. இப்போது 10 ஓமில் 6.4 வாட், 5 ஓமில் 3.2 வாட், அதிக மின்தடைதான் அதிகம் சூடேறுகிறது. மின்தடையங்கள் மாறவில்லை. பொதுவாக இருப்பது மின்னழுத்தமா மின்னோட்டமா என்பதுதான் மாறியது.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. நெடுந்தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும்போது ஏன் மின்னழுத்தத்தை உயர்த்துகிறார்கள் என்ற கேள்வியில்தான் அது வெளிப்படும். 1,200 வாட் தேவைப்படும் ஒரு சுமைக்கு, மொத்தம் 1 ஓம் மின்தடையுள்ள கம்பிகள் வழியாக மின்சாரம் செல்கிறது என்று கொள்வோம். சுமையின் மீது 120 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 10 ஆம்பியர்; கம்பியில் வீணாவது 10 × 10 × 1, அதாவது 100 வாட். சுமையின் மீது 1,200 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 1 ஆம்பியர். வீணாவது 1 வாட் மட்டுமே. உடனே ஒருவர், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் 1,200 வோல்ட்டில் இழப்பு நூறு மடங்கு கூடத்தானே வேண்டும் என்று கேட்பார். அவர் எடுத்துக்கொண்ட 1,200 வோல்ட் சுமையின் மீது இருப்பது. கம்பியின் மீது இருப்பது அன்று. கம்பியின் இரு முனைகளுக்கு இடையே விழும் மின்னழுத்தம் முதல் நிலையில் 10 வோல்ட், இரண்டாம் நிலையில் 1 வோல்ட். அந்த எண்களை வர்க்கப்படுத்தி 1 ஓமால் வகுத்தால் அதே 100 வாட்டும் அதே 1 வாட்டும் கிடைக்கும். சூத்திரம் எதுவாயினும், அதில் இடும் எண்கள் யாவும் ஒரே பொருளுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

எல்இடிக்கு முன்னால் இடும் மின்தடையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே பிழை நேர்கிறது. 12 வோல்ட் மூலம், 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும் எல்இடி, தேவையான மின்னோட்டம் 0.02 ஆம்பியர் என்றால், 12-ஐ 0.02-ஆல் வகுத்து 600 ஓம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. மின்தடையத்தின் மீது விழுவது 9 வோல்ட்தான். எனவே வேண்டியது 450 ஓம், கிடைக்கும் அளவுகளில் அதற்கு அடுத்து வருவது 470 ஓம். அதில் வெப்பமாவது ஏறத்தாழ 0.17 வாட். கால் வாட் மின்தடையம் தாங்கும் என்றாலும், மூடிய பெட்டிக்குள் தொடர்ந்து எரியப்போகிறது என்றால் அரை வாட் ஒன்றை இடுவதே நல்லது என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்

முதல் இரண்டு பதில்களோடும் உடன்படுகிறேன். அளக்கும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் 12 வோல்ட் எங்கே அளக்கப்பட்டது என்பதை நீங்கள் எழுதவில்லை.

வோல்ட்மீட்டரை மின்மூலத்தின் முனைகளில் வைத்திருந்தால், நீங்கள் அளந்தது பல்பின் மின்னழுத்தம் மட்டும் அன்று. இணைப்புக் கம்பிகளிலும் அம்மீட்டரிலும் விழும் மின்னழுத்தமும் அதில் சேர்ந்திருக்கிறது. 10,000 ஓம் மின்தடையத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. 7 ஓம்கூட இல்லாத பல்பில், கம்பிகளின் பத்தில் ஒரு ஓமும் கணக்கைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றும். எனவே குறைந்த மின்தடையை அளக்கும்போது வோல்ட்மீட்டரின் முனைகளை அந்தப் பொருளின் முனைகளிலேயே நேராகத் தொட வேண்டும்.

மிகப் பெரிய மின்தடையை அளக்கும்போது சிக்கல் மறுபுறம் திரும்பிவிடுகிறது. இன்றைய டிஜிட்டல் மல்ட்டிமீட்டர்கள் பலவற்றின் உள்மின்தடை மின்னழுத்த அளவில் 10 மெகாஓம். 1 மெகாஓம் மின்தடையத்தின் மீது அதை வைத்தால், அம்மீட்டர் காட்டும் மின்னோட்டத்தில் பதினொன்றில் ஒரு பங்கு வோல்ட்மீட்டர் வழியாகவே ஓடுகிறது. கணக்கிட்டால் 1 மெகாஓமுக்குப் பதிலாக 0.909 மெகாஓம் வரும். அப்போது வோல்ட்மீட்டரை அம்மீட்டருக்கு முந்திய பக்கத்தில் இணைத்து, மின்தடையத்தில் ஓடும் மின்னோட்டம் மட்டும் அம்மீட்டர் வழியாகச் செல்லும்படி செய்ய வேண்டும். அம்மீட்டரில் விழும் சிறு மின்னழுத்தம் அங்கே பொருட்டன்று.

பிழையின் அளவையும் எப்போதும் எழுதிவையுங்கள். மின்னழுத்தத்தில் 1 விழுக்காடு, மின்னோட்டத்தில் 2 விழுக்காடு ஐயம் இருந்தால், மின்தடையிலும் மின்திறனிலும் மோசமான நிலையில் 3 விழுக்காடு ஐயம் இருக்கும். அந்த நிலையில் 6.857142 ஓம் என்று எழுதுவதற்குப் பொருள் இல்லை, 6.9 ஓம் என்றால் போதும்.

மாறுதிசை மின்னோட்டத்துக்கு இந்த எளிய பெருக்கலை அப்படியே கொண்டுபோகாதீர்கள். மோட்டார், மின்மாற்றி போன்ற சுருள் உள்ள கருவிகளில், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை மட்டும் அன்று. சுருளின் மின்தூண்டல் விளைவும் அதில் அடங்கியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியால் (மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர ஏறி இறங்காததால் மின்திறன் எந்த அளவுக்குக் குறைகிறது என்பதைக் காட்டும் எண்ணால்) பெருக்கிய பிறகுதான் வாட். மேலும், ஓம் அளவில் இருக்கும் மல்ட்டிமீட்டரை மின்சாரம் ஓடும் சுற்றில் ஒருபோதும் வைக்கக் கூடாது. இத்தகைய சோதனைகளை வீட்டு மின்னிணைப்பில் செய்யாமல், நீங்கள் செய்ததுபோல் 12 வோல்ட் அளவிலேயே செய்வது உயிருக்குப் பாதுகாப்பானது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முனைக்கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன், 0.3 ஓம் காட்டுகிறது. எனவே குளிர்ந்த இழையின் மின்தடை 0.5 ஓம். நான் மின்மூலத்தின் முனைகளில்தான் மின்னழுத்தத்தை அளந்திருந்தேன். இப்போது மின்மூலத்தை அதே 12.00 வோல்ட்டில் வைத்துப் பல்பின் முனைகளில் அளந்தால் 11.79 வோல்ட் வருகிறது. மின்னோட்டம் முன்புபோல் 1.75 ஆம்பியர்.

ஆனால் ஒரு புதிய ஐயம் எழுகிறது. 0.5 ஓமும் 12 வோல்ட்டும் முதல் கணத்தில் ஒருசேர நிலவும் என்றால், அந்தக் கணத்தில் 24 ஆம்பியர் ஓட வேண்டும். வாகனங்களில் அப்படியானால் ஃபியூஸ் ஏன் ஒவ்வொரு முறையும் உருகிப்போவதில்லை? மேலும், சூடான நிலையின் 6.86 ஓமை மாறாத மின்தடை என்று கொண்டு 6 வோல்ட்டுக்கு மின்திறனைக் கணக்கிட்டால் 5.25 வாட் வருகிறது. நான் அளந்ததோ 7.2 வாட். இழை ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவு வேறுபாடு வருமா?

முதல் பதிலை எழுதியவர்

வரும். 6 வோல்ட்டில் இழை மங்கலாகத்தான் ஒளிர்கிறது; அதன் வெப்பநிலை குறைவு, மின்தடையும் குறைவு, அதனால் 6.86 ஓம் என்று கொண்டு எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டம் ஓடுகிறது. அளந்த 7.2 வாட்தான் சரி.

24 ஆம்பியர் என்ற கணக்கும் கோட்பாட்டளவில் சரியானதே. உண்மையில் மின்மூலத்தின் அக மின்தடையும் கம்பிகளின் மின்தடையும் அதைக் குறைத்துவிடும். உங்கள் மேசை மின்மூலத்தில் மின்னோட்ட வரம்பு இருந்தால் அது இன்னும் முன்னதாகவே கட்டுப்படுத்தும். எஞ்சிய மின்னோட்ட எழுச்சியும் நொடியில் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள் அடங்கிவிடும், ஏனெனில் அந்த மெல்லிய இழை அவ்வளவு விரைவில் சூடாகிவிடுகிறது. ஃபியூஸ் உருக வேண்டுமானால் மின்னோட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அதன் கம்பி உருகும் அளவுக்கு வெப்பம் சேரும் நேரமும் வேண்டும். இழையின் ஏதோ ஓரிடம் தேய்ந்து மெலிந்திருந்தால், அந்த எழுச்சியின்போது அவ்விடம் மற்ற பகுதிகளைவிட விரைவாகச் சூடேறும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நேரத்தில் அறுந்துபோவதற்கு இதுவே காரணம்.

உங்கள் புதிய அளவீட்டிலிருந்து இழையின் வெப்பநிலையையே மதிப்பிடலாம். 11.79-ஐ 1.75-ஆல் வகுத்தால் 6.74 ஓம், அது 0.5 ஓமைப்போல் பதின்மூன்றரை மடங்கு. நான் முன்பு சொன்ன 0.45 விழுக்காட்டைக் கடைசிவரை அப்படியே நீட்டினால் 2,800 பாகை செல்சியஸ் வரும், அது மிகை. டங்ஸ்டனின் மின்தடை உயர்வு மேல் வெப்பநிலைகளில் அதே விகிதத்தில் நிற்பதில்லை. அளந்து தொகுக்கப்பட்ட அட்டவணைகளின்படி பதின்மூன்றரை மடங்கு என்பது ஏறத்தாழ 2,600 கெல்வின், அதாவது 2,300 பாகை செல்சியஸை ஒட்டியது. மல்ட்டிமீட்டரும் பேனாவும் மட்டும் கொண்டு, தொட முடியாத ஓர் இழையின் வெப்பநிலையை அறிய முடிவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் 0.5 ஓமில் 0.05 ஓம் பிழை இருந்தால்கூட இந்த மதிப்பீடு 200 பாகைக்கு மேல் நகர்ந்துவிடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாம் பதிலை எழுதியவர்

நீங்கள் கண்ட 0.21 வோல்ட் வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். அது கம்பிகளிலும் அம்மீட்டரிலும் விழுந்த மின்னழுத்தம். அவற்றின் மொத்த மின்தடை என்ன, அவற்றில் எவ்வளவு மின்திறன் வெப்பமாகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

கணக்கிட்டேன். 0.21-ஐ 1.75-ஆல் வகுத்தால் 0.12 ஓம். 0.21-ஐ 1.75-ஆல் பெருக்கினால் 0.37 வாட். பல்புக்குச் சேர்வது 11.79 × 1.75, அதாவது 20.63 வாட். இரண்டையும் கூட்டினால் 21.00 வாட், மின்மூலம் தரும் 12.00 × 1.75 என்பதும் அதுவே. கம்பிகளின் 0.12 ஓமோடு 12 வோல்ட்டைச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் 1,200 வாட் என்று வந்திருக்கும். முதல் நாள் நான் கண்ட 180 வாட்டும் இதே வகைப் பிழைதான் என்பது இப்போது தெளிவாகிறது. அடுத்து, 1 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை ஒவ்வொரு வோல்ட்டாக உயர்த்தி, பல்பின் முனைகளிலேயே அளந்து, ஒவ்வொரு படியிலும் இழை நிலையான வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, வரைபடம் ஒன்றை வரைந்து இங்கே இடுகிறேன்.